சோத்துக்குத் துட்டா? எங்கள் மார்கழிச் சாப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாள், கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கல்யாண மண்டபத்தில் இலை போட்டுச் சாப்பாடு போடுகிறோம். கூப்பன் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். வருகிற பணம் உள்ளூர்க் காரியங்களுக்குப் போகிறது. டிசம்பர் பிறந்தால் போதும், பால் வாங்கப் போனாலும் மாவு அரைக்கப் போனாலும் யாராவது நிறுத்தி அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கூப்பன் புத்தகமும் கணக்கு நோட்டும் என் வீட்டு பீரோவில் இருப்பதால் பணம் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னாபா இது, சோத்துக்குத் துட்டா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான், பெரும்பாலும் வயதானவர்களிடமிருந்து வரும், அதில் கோபம் குறைவு, வருத்தம்தான் அதிகம். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறோம், யாரும் காசு கேட்பதில்லை. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது, அங்கேயும் யாரும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் இலைக்கு முன்னால் கூப்பனைக் கிழிப்பது எனக்கே முதல் வருடம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் இது அன்னதானம் இல்லை. பசித்தவருக்குச் சோறு போடுவது ஒரு காரியம். வசதி உள்ள நாம் எல்லோரும் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அந்த வேளைக்கான காசை ஊரில் தேவைப்படும் இடத்துக்குத் திருப்பிவிடுவது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால்தான் சங்கடம். வீட்டுக்கு வீடு உண்டியல் குலுக்கிப் பணம் கேட்டுப் பார்த்தோம், பத்து ரூபாயைக் கையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அதே வீட்டுக்காரர் நாலு கூப்பன் வாங்கிக் குடும்பத்தோடு வந்து, ரசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நன்கொடை கேட்டால் மனிதர்கள் விலகுகிறார்கள், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார்கள். எங்கள் ஏற்பாடு மொத்தமும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

அப்படியென்றால் மொய் விருந்து மாதிரியா?

பார்க்க அப்படித் தெரியும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள், சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வர வேண்டும். ஆனால் அந்த மொய் ஒருவகையில் கடன். இன்று உங்களுக்கு வந்தது நாளை அவர் வைக்கும் விருந்தில் கூடுதலாகத் திரும்பிப் போகணும், நோட்டில் பேர் பேராகக் கணக்கு இருக்கும், திருப்பிச் செய்யாவிட்டால் உறவே கெட்டுவிடும். இங்கே யாரும் யாருக்கும் திருப்ப வேண்டியதில்லை. நீங்கள் எத்தனை கூப்பன் வாங்கினீர்கள் என்று எந்தப் பலகையிலும் எழுத மாட்டோம், மைக்கில் படிக்கவும் மாட்டோம். மண்டபத்தில் மைக்கே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கூப்பன் என்ன விலை?

பெரியவர்களுக்கு 200 ரூபாய். பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் 100. ஐந்து வயதுக்குள் கூப்பன் வேண்டாம், மடியில் உட்கார்ந்து அம்மா இலையிலேயே சாப்பிடட்டும். பணமாகவும் தரலாம், ஜிபேயும் பண்ணலாம். ஜிபே செய்கிறவர்கள் தயவு செய்து குறிப்பில் பெயரையும் எண்ணிக்கையையும் போடுங்கள், வெறும் 800 ரூபாய் வந்து விழுந்தால் அது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

அந்த 200-ல் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, தர்மத்துக்கு எவ்வளவு?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் எந்தத் தர்ம விருந்துக்கும் கூப்பன் வாங்காதீர்கள் என்றே சொல்வேன், எங்களுடையது உட்பட.

கூப்பன் பணம் அப்படியே முழுசாகக் காரியத்துக்குப் போகிறது, அரிசிக்குக்கூட அதில் கை வைப்பதில்லை. செலவு எப்படி நடக்கிறது என்றால், கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒருவர் உபயம் ஏற்பது போல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வீடு உபயம். 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வேண்டும், மூன்று வீடு. துவரம்பருப்பு ஒரு வீடு, எண்ணெய் ஒரு கடைக்காரர், காய்கறி இரண்டு மூன்று வீடு சேர்ந்து, வாழையிலை ஒருவர், சமையல்காரர் கூலி நாலு வீடு பங்கிட்டு. எல்லா உபயமும் டிசம்பர் 10-க்குள் முடிந்துவிட வேண்டும். ஒரு பொருளுக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பொருள் இலையில் இருக்காது. ஒரு வருடம் வடைக்கு ஆள் வரவில்லை, வடை போடவில்லை. ‘வடை இல்லாத விருந்தா?’ என்று அன்று முணுமுணுத்த மூன்று பேரும் அடுத்த வருடம் தாங்களாகவே வந்து உளுந்து உபயம் ஏற்றுக்கொண்டார்கள்.

சமையல்காரரிடமும் பரிமாற வரும் பெண்களிடமும் ‘தர்மக் காரியம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்க’ என்று பேரம் பேசக் கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். நாம் செய்யும் தர்மத்துக்கு அவர்கள் ஏன் கூலியை விட வேண்டும்? அவர்களாக விரும்பி ஏதாவது செய்தால் அது அவர்கள் பாடு.

பணம் எதற்குப் போகிறது?

நாங்கள் போடுவது 600 இலை. எல்லாம் பெரியவர் கூப்பனாக விற்றால் 1,20,000 ரூபாய். அதைத்தான் கணக்குக்கு வைத்துக்கொண்டு மூன்றாகப் பிரிக்கிறோம்.

பாதி, அதாவது 60,000, படிப்புக்கு. இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘அரசாங்கமே எல்லாம் தருதே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வங்கிக் கணக்குக்கு வருகிற பணம். சேருகிற அன்றைக்கே கையில் இருக்க வேண்டிய பணம் வேறு. விண்ணப்பத்துக்கு, கலந்தாய்வுக்குப் போய்வர, விடுதி முன்பணத்துக்கு, ஒரு பெட்டி, ஒரு போர்வை, இரண்டு செட் துணிக்கு. ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் இந்தச் செலவெல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போதுதான் வீட்டில் ‘இந்த வருஷம் வேண்டாம், கம்பெனிக்குப் போ’ என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஒரு வருடம் செருப்புக் கம்பெனிக்குப் போன பிள்ளை அடுத்த வருடம் கல்லூரிக்குத் திரும்புவது கஷ்டம், கையில் சம்பளம் பார்த்தாச்சே. அதனால் ஒரு பிள்ளைக்கு 5,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு, சேர்க்கை நேரத்தில். பெயர்களை வெளியிட மாட்டோம், மேடைக்குக் கூப்பிட்டுக் காசோலை கொடுத்துப் படம் எடுக்கவும் மாட்டோம்.

கால் பங்கு, 30,000, ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு. வேலூர் என்றாலே ஆஸ்பத்திரி ஊர். டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த இடம்தான் இன்று நாடெங்கும் இருந்து மக்கள் வந்து நிற்கும் சிஎம்சி ஆஸ்பத்திரி. நாங்கள் உதவுவது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் சுற்று வட்டாரக்காரர்களுக்கு. வைத்தியம் இலவசம், பெரிய சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது. ஆனால் பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து பஸ் மாறி அடுக்கம்பாறை போய்ச் சேர்ந்து, கூட வந்தவர் பத்து நாள் கூலியை விட்டுவிட்டு வராந்தாவில் கிடந்தால், அந்தச் செலவை எந்தக் காப்பீடும் தராது. அதற்குத்தான் இந்தப் பணம். பஸ் காசு, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, வெளியே வாங்க வேண்டிய சின்னச் சின்ன சாமான்.

மிச்சக் கால் பங்கு தெருவுக்கு. மழைக்கு முன் கால்வாய் தூர் வாருவது, அங்கன்வாடிக்கு மின்விசிறி, மரக்கன்றுக்குக் கூண்டு என்று வருடா வருடம் மாறும். இதில்தான் சண்டை அதிகம் நடக்கிறது. விவரம் வேண்டாம்.

ஏன் மார்கழியில்? பொங்கலுக்கு வைக்கலாமே?

மார்கழியில் கல்யாணம் இல்லை, அதனால்தான். தையில் முகூர்த்த நாள் என்றால் மண்டபம் கிடைக்காது, சமையல்காரர் ஒரே நாளில் மூன்று இடம் ஒப்புக்கொண்டு ஓடுவார், நேதாஜி மார்க்கெட்டில் வாழையிலை கட்டு விலையைக் கேட்டாலே தலை சுற்றும், வாடகைப் பாத்திரக் கடையில் பெரிய அண்டா எல்லாம் போயிருக்கும். மார்கழியில் அதே மண்டபம் பூட்டிக் கிடக்கும், அதே சமையல்காரர் வீட்டில் இருப்பார், எல்லோரும் நிதானமாகப் பேசுவார்கள். வெயிலும் ஒரு காரணம். வேலூர் மே மாதத்தில் அறுநூறு பேருக்குக் கோட்டை அடுப்புப் பக்கத்தில் நின்று சமைக்கச் சொல்வது பாவம். நவம்பரில் வைத்தால் மழை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், நம் பக்கத்து ஆறு நவம்பரை நம்ப விடாது.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு என்று வைத்ததால் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஆராதனை முடித்து நேராக வந்துவிடுகிறார்கள். முதல் பந்தி 11.45-க்கு, அதற்கு முன்னால் இல்லை, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

வேலூர்ல விருந்து வைக்கிறீங்க, பிரியாணி இல்லையா?

இந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு பக்கமே எழுதலாம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போய்விட்டது, ஆனால் ஆம்பூர் பிரியாணியை யாரும் பிரித்துக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை, அது இன்னும் நம்முடையதுதான் என்று சத்துவாச்சாரியில் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். சீரகச் சம்பா அரிசி, டேக்சா, கத்திரிக்காய்த் தொக்கு இதெல்லாம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன சாப்பாடு என்று கேட்பவர்களின் மனசு எனக்கும் புரியும். நானும் அதே கட்சிதான்.

ஆனாலும் சைவம்தான், மூன்று காரணம். மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்கள் பந்தியில் உட்கார வேண்டும். கறி என்றால் ஹலாலா என்று பாய் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, ஆமாம் என்றால் இன்னொரு வீட்டிலிருந்து முணுமுணுப்பு வரும், அதை நாங்கள் விரும்பவில்லை. மூன்றாவது, சைவத்துக்கு ஒரு பந்தி, அசைவத்துக்கு ஒரு பந்தி என்று பிரித்தால் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்ற பழைய கதை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். எல்லோரும் ஒரே பந்தியில், முன்னால் வந்தவர் பக்கத்தில் பின்னால் வந்தவர், அவ்வளவுதான் வரிசை. இதில் மட்டும் நாங்கள் யாரிடமும் வளைந்து கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டோம்.

சமாதானத்துக்குப் பிரிஞ்சி போடுகிறோம். தேங்காய்ப்பால் விட்டு, பட்டை கிராம்பு பிரிஞ்சி இலை தாளித்து, சீரகச் சம்பாவிலேயே. கூடவே எண்ணெய்க் கத்திரிக்காய். கத்திரிக்காய் கிடைத்தால் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். காம்பில் முள் குத்தும், நறுக்குகிறவர்கள் திட்டிக்கொண்டேதான் நறுக்குவார்கள், ஆனால் எண்ணெயில் வதங்கி வந்தால் அந்த ருசி வேறு கத்திரிக்காயில் வராது. ‘கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா பிரியாணி மாதிரியே இருக்கு’ என்று ஒரு மாமா சொன்னார். கண்ணைத் திறந்த பிறகு என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

இலையில் வேறு என்னென்ன?

உப்பு, ஊறுகாய், ஒரு இனிப்பு, பிரிஞ்சி, எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி, உருளைக்கிழங்கு பொரியல், கூட்டு, வடை, அப்பளம், சாதம், சாம்பார், ரசம், மோர், பாயசம். ஆற்காடு மக்கன் பேடா போடச் சொல்லி வருடா வருடம் ஒரு மனு வரும். உபயம் ஏற்கிறவர் வந்தால் போடுவோம், நான் ஏற்க முடியாது.

எவ்வளவு சமைக்கிறீர்கள்? தீர்ந்துபோய் விடாதா?

ஒரு தடவை தீர்ந்துபோனது. தப்பு என்னுடையது, ஒளிக்கவில்லை.

கணக்கு இதுதான். 100 இலைக்குப் பிரிஞ்சிக்கு 4 கிலோ, சாதத்துக்கு 8 கிலோ அரிசி, ஆக 12. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ. வடைக்கு உளுந்து இரண்டரை கிலோ, தலைக்கு ஒன்று. பாயசம் 10 லிட்டர். சமையல்காரரோடு உட்கார்ந்து போட்ட கணக்கு, இலைக்குச் சரியாக வரும். அந்த வருடம் வாசலில் வந்து நின்றவர்கள் ‘வீட்ல பெரியவங்க இருக்காங்க, ஒரு பார்சல்’ என்று கேட்கக் கேட்க நான் கூப்பனைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், காசு வருகிறதே என்ற ஆசை. பார்சலுக்கு அள்ளும்போது கை தாராளமாகப் போகும், இலைக்கு இரண்டு கரண்டி சாம்பார் என்றால் தூக்கில் ஐந்து கரண்டி போகும். நாலாவது பந்தியில் கடைசி இரண்டு வரிசைக்குச் சாம்பார் இல்லை. ரசம் ஊற்றினோம். ஒரு பெரியவர் சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டு என்னைப் பார்த்து, ‘ரசம் நல்லாருக்கு தம்பி’ என்றார். திட்டியிருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு பந்திக்கு 150 இலை, நாலு பந்தி, ஒவ்வொன்றுக்கும் கூப்பன் நிறம் வேறு, 600 முடிந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். வாசலில் கூப்பன் விற்பதில்லை. கலெக்டரே வந்தாலும் அடுத்த வருடம்தான்.

அப்போ பார்சலே கிடையாதா?

படுக்கையில் இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு மட்டும். முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட வேண்டும், அது அந்த 600-க்குள்ளேயே சேரும். தூக்குச் சட்டியோ டிபன் கேரியரோ கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் கவரில் சாம்பார் கட்டித் தர மாட்டோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை செய்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அந்தத் தடையில் வரும். அதனால் தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர்தான். கழுவ ஆள் வேண்டும், அது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கூப்பன் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

வரலாம். சிலர் பத்து கூப்பன் வாங்கி நாலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறை எங்களிடமே விட்டுவிடுவார்கள். அந்தக் கூப்பன்கள் தெருவில் சில பேரிடம் இருக்கும், யாரிடம் என்று எழுத மாட்டேன், தேவையானவர்களுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய கூப்பனுக்கும் அதற்கும் நிறத்திலும் அச்சிலும் வித்தியாசம் இருக்காது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காசு கொடுத்து வந்தாரா இல்லையா என்று வாசலில் கிழிக்கும் எனக்கே தெரியாது. மண்டப வாசலில் பசி என்று வந்து நிற்பவரிடம் கூப்பன் கேட்பதும் இல்லை.

எங்கள் கடை பேனர் வைக்கலாமா? அண்ணனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாமா?

வேண்டாம். யாராக இருந்தாலும் கூப்பன் வாங்கி, வரிசையில் நின்று, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பொன்னாடை இல்லை, மாலை இல்லை, பேச்சு இல்லை. அப்படி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

வருமான வரிச் சலுகைக்கு ரசீது தருவீர்களா?

முடியாது. நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லை. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை, அதற்கான அங்கீகாரம் வாங்கிய அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும், அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடைக்காது. சலுகை முக்கியம் என்றால் அப்படி ஒரு அமைப்புக்கு வங்கி வழியாக நேராகக் கொடுங்கள், நல்லதுதான். எங்களிடம் வாங்குவது ஒரு சாப்பாடு.

பையன் வெளிநாட்டில் இருக்கிறான், பணம் அனுப்பலாமா?

இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்க்கிறார் என்றால் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், சட்டம் அதை வெளிநாட்டு நன்கொடையாகப் பார்ப்பதில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் எங்களால் வாங்க முடியாது, அதற்கு மத்திய அரசிடம் தனிப் பதிவு வேண்டும். ஊருக்கு வரும்போது வந்து பரிமாறட்டும். அதற்குப் பதிவு தேவையில்லை.

இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டுமா?

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். இலவசமாகப் போடுகிறோம், கோயிலில் போடுகிறோம் என்றாலும் வேண்டும். பொது நிகழ்ச்சியில் உணவு வழங்குகிறவரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான், பெரிய தலைவலி இல்லை. உங்கள் சமையல்காரர் கேட்டரிங்காக நடத்துகிறவர் என்றால் அவரிடம் இருக்கும் உரிமத்தைக் கேட்டு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வீட்டு கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து அடுப்பில் மாட்டக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

மீந்துபோனால்?

2.30-க்கு நாலாவது பந்தி முடியும். 2.45-க்குள் மீந்தது வண்டியில் ஏறிவிட வேண்டும். சாதமும் ரசமும் பிரச்சினை இல்லை. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் தேங்காய்ப்பால் பிரிஞ்சியும் சீக்கிரம் ஊசிப்போகும், அதை மட்டும் யாருக்கும் கொடுத்தனுப்ப மாட்டோம், பந்தியிலேயே தீர்த்துவிடுவோம். ‘ராத்திரிக்கு ஆகும்’ என்று அண்டாவை மூடி வைக்கும் பழக்கத்தை முதல் வருடமே விட்டாச்சு. நூறு பேர் நன்றி சொன்ன சாப்பாடு ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கொடுத்தால் அந்த ஒருவர்தான் ஊர் முழுக்கப் பேசப்படுவார், அது நியாயமும்கூட.

எச்சில் இலையை மாடு வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் தயவு செய்து இலைக்குள் காகிதக் கைக்குட்டை, மாத்திரை அட்டை எதையும் வைத்து மடிக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்காக வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்கள் வரலாமா?

தாராளமாக. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் வேலூருக்குப் புதுசா என்ன, காந்தி ரோட்டில் கடைப் பலகைகளே வங்காள மொழியில் இருக்கின்றன. ஒரு வருடம் ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள், இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த பாட்டி கை காட்டி இடது பக்கம் திருப்பி வைத்தார். அந்த அம்மா ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, மீன் இருக்கா என்று சைகையில் கேட்டார். மொத்த வரிசையும் சிரித்தது, அவரும் சிரித்தார்.

கணக்கை எங்கே பார்ப்பது?

ஜனவரி முதல் வாரம் மண்டபச் சுவரிலும் எங்கள் தெரு முனை மளிகைக் கடையிலும் ஒட்டுவோம். எத்தனை கூப்பன் விற்றது, எத்தனை கிழிந்தது, யார் எந்த உபயம் என்ற விவரம் தொகை இல்லாமல், எந்தக் காரியத்துக்கு எவ்வளவு ஒதுக்கினோம். ஜூலையில் இன்னொரு தாள், ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம். நோட்டை என் வீட்டுக்கு வந்தும் பார்க்கலாம். இரண்டு பேர் வந்து பார்த்திருக்கிறார்கள், ஒருவர் கூட்டலில் 40 ரூபாய் தப்பு கண்டுபிடித்தார். அவரையே அடுத்த வருடம் கணக்குப் பார்க்க வைத்துவிட்டோம்.

எங்கள் பக்கமும் இப்படி நடத்த ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

காட்பாடி, குடியாத்தம் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். அறுநூறில் ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் முதல் வருடம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் சாமியானா கட்டி 80 இலைதான் போட்டோம். முதலில் உபயக்காரர்களைப் பிடியுங்கள், அப்புறம் சமையல்காரர், அப்புறம் இடம், கூப்பன் அச்சடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நிறைய பேர் கூப்பனை முதலில் அச்சடித்துவிட்டுத் தேதியை மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பணம் எதற்கு என்பதையும் கூப்பனிலேயே ஒரு வரியில் அச்சடித்துவிடுங்கள், ‘நற்பணிகளுக்கு’ என்று பொதுவாகப் போட்டால் விருந்து முடிந்த பிறகு சண்டை நிச்சயம். பணத்தை ஒருவர் கணக்கில் போடாமல் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று கூட்டுக் கணக்காகத் திறப்பது நல்லது, எங்களுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

எனக்குப் பரிமாறத் தெரியாது, வந்தால் ஏதாவது வேலை உண்டா?

உண்டு, பரிமாறுவதைத் தவிர எல்லா வேலைக்கும் ஆள் பஞ்சம். சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் காய் நறுக்க வாருங்கள், அரிவாள்மணையோ கத்தியோ கையோடு கொண்டு வந்தால் நல்லது, முள்ளுக் கத்திரிக்காய் என்றால் பழைய துணி ஒன்றும். ஞாயிறு காலை 10 மணிக்கு இலை கழுவித் துடைக்க ஆறு பேர் வேண்டும். பந்தி நேரத்தில் தண்ணீர் ஜக்கோடு வரிசையில் நடக்கப் பள்ளிப் பிள்ளைகள் போதும், அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். டம்ளர் கழுவத்தான் யாரும் வருவதில்லை, ஒவ்வொரு பந்திக்கும் 150 டம்ளர், பின்பக்கத் தொட்டியில், வெயிலில். போன தடவை அங்கே நின்றது நானும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் மட்டும்தான். பெயர் கொடுப்பவர்கள் முதலில் அதற்குக் கொடுங்கள், கடைசிப் பந்தியில் உங்களுக்கு எடுத்து வைத்த இரண்டு வடை உண்டு.